சமூக ஊடகமும் அரசியல் பேச்சும்

(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



பேஸ்புக், வாட்ஸ்அப், எக்ஸ் முதலிய சமூக ஊடகங்களில் பயன்தரத்தக்க அரசியல் பேச்சு நடக்க முடியுமா என்பதைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். நான் சொல்லுவதில் உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை எடுத்துக்கொள்ளுங்கள். மற்றதை இங்கேயே விட்டுவிட்டுப் போக உங்களுக்குப் பூரண உரிமை உண்டு.

இவ்விஷயத்தில் இரண்டு கட்சியார் இருக்கிறார்கள். ஒரு கட்சியார், "ஏழையின் வாய்ப்பூட்டை உடைத்தது இந்தப் போன்தான்" என்கிறார்கள். மற்றொரு கட்சியார், "அது சாக்கடை, யோக்கியன் அதில் கால் வைக்கமாட்டான்" என்கிறார்கள். இரு கட்சியாரும் பேசுகிற மனிதனை மாத்திரம் பார்க்கிறார்களே ஒழிய, அவன் பேச்சை யார் கண்ணில் காட்டுவது, யார் கண்ணில் மறைப்பது என்று தீர்மானிக்கிற யந்திரத்தைப் பார்ப்பதில்லை. நான் அந்த யந்திரத்தைப் பற்றித்தான் முக்கியமாகப் பேசப் போகிறேன்.

வந்த நன்மை

முதலில் நன்மையைச் சொல்லிவிடுகிறேன். முன் காலத்தில் ஒருவன் தன் அபிப்பிராயத்தை நாலு பேருக்குச் சொல்ல வேண்டுமானால் மேடை வேண்டும், அச்சுக்கூடம் வேண்டும், காகிதம் வாங்கப் பணம் வேண்டும். ஊர்ச் சாவடியிலாவது எல்லோருக்கும் இடமிருந்ததா? இன்னார் திண்ணையில் உட்கார்ந்து பேசலாம், இன்னார் தெருவில் நின்று கேட்க வேண்டும் என்றுதானே இருந்தது? பெண்கள் நின்று கேட்பதற்குக்கூட இடமில்லையே! இன்று கூலிவேலை செய்யும் ஒரு பெண், தன் தெருக் குழாயில் தண்ணீர் வரவில்லையென்பதைப் படம் பிடித்து, அதிகாரிகள் கண்ணில் படும்படி செய்துவிடலாம். இதை நன்மையல்ல என்று சொல்லுகிறவன், முன்பே திண்ணையில் இடமிருந்தவனாகத்தான் இருக்க வேண்டும்.

2017-ம் வருஷம் ஜனவரி மாதம் சென்னை மெரீனாக் கடற்கரையில் ஜல்லிக்கட்டுக்காக வாலிபர்கள் திரண்டதை நாம் அறிவோம். அவர்களை அழைத்தது பெரும்பாலும் இந்தப் போன்தான். ஆனால் தோழர்களே! கூட்டம் கூட்டுவது வேறு, பேசித் தீர்மானிப்பது வேறு. தண்டோராப் போட்டால் கூட்டம் சேரும்; தண்டோராவோடு யாராவது வாதம் செய்ய முடியுமா? பேச்சென்றால் ஒருவன் சொல்ல வேண்டும், மற்றவன் காது கொடுக்க வேண்டும், காரணத்துக்குக் காரணம் வர வேண்டும், கடைசியில் இருவரில் ஒருவர் கொஞ்சமாவது மாறுவதற்கு இடமிருக்க வேண்டும். அதற்கு இந்த யந்திரம் ஒத்தாசை செய்கிறதா என்பதே கேள்வி.

காசு எங்கிருந்து வருகிறது?

இந்தக் கம்பெனிகள் நம்மிடம் கட்டணம் கேட்பதில்லை. அப்படியானால் அவர்களுக்கு வரும்படி எது? பேஸ்புக்கை நடத்தும் மெட்டா கம்பெனியின் வருமானத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பாகத்துக்கு மேல் விளம்பரத்தினால் வருவது. நாம் எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோமோ அவ்வளவுக்கு விளம்பரம் காட்டலாம், அவ்வளவுக்குப் பணம். ஆகவே நூறு பேர் நூறு விஷயம் எழுதினால், எது நம்மை எழுந்து போகவிடாமல் பிடித்து வைக்குமோ அதை முதலில் காட்டும்படி கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். அது உண்மையா, பொய்யா, ஊருக்கு நன்மையா என்பது அந்தக் கணக்கில் முதல் கேள்வியல்ல.

ஓர் உதாரணம் கேளுங்கள். 2017-ல் பேஸ்புக் கம்பெனியார், ஒரு பதிவுக்கு ஒருவன் கோபமுகமோ சிரிப்புமுகமோ போட்டால், அதற்குச் சாதாரண லைக்கைப் போல் ஐந்து மடங்கு மதிப்பு வைத்தார்கள். பலன் என்ன? கோபமூட்டுகிறவன் பேச்சு மேலே ஏறிற்று. நிதானமாகக் கணக்குச் சொல்லுகிறவன் பேச்சு அடியில் கிடந்தது. கோபமுகம் அதிகம் வாங்கும் பதிவுகளில் பொய்யும் விஷமமும் அதிகமென்று அந்தக் கம்பெனியின் சொந்த ஆராய்ச்சிக்காரர்களே கண்டு சொன்னார்கள். 2020 செப்டம்பரில்தான் கோபமுகத்தின் மதிப்பைப் பூஜ்யமாக்கினார்கள். இந்தச் சங்கதியும் அவர்களாக நமக்குச் சொன்னதல்ல. உள்ளே வேலை பார்த்த பிரான்சஸ் ஹாகன் என்ற அம்மையார் 2021-ல் காகிதங்களை வெளியே கொண்டுவந்த பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. கோடிக்கணக்கான ஜனங்கள் அரசியல் பேசும் இடத்தின் சட்டத்தை ஒரு சில பேர் அறைக்குள் உட்கார்ந்து எழுதுவதும், மாற்றுவதும், பேசுகிறவர்களுக்கே அது தெரியாதிருப்பதும் நியாயமா?

நம்முடைய பங்கு

குற்றம் முழுவதையும் கம்பெனியின் தலையில் போட்டுவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. அமெரிக்காவில் எம்.ஐ.டி. கலாசாலையைச் சேர்ந்த மூவர், 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய சுமார் 1,26,000 செய்திகளைச் சோதித்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். மெய்யைவிடப் பொய் மறுபடி அனுப்பப்படுவதற்கு நூற்றுக்கு எழுபது பங்கு அதிக வாய்ப்பு இருந்தது. 1,500 பேரை அடைய, பொய்யைப்போல் ஆறு மடங்கு காலம் மெய்க்குப் பிடித்தது. தானே இயங்கும் போலிக் கணக்குகளைத் தள்ளிப் பார்த்தும் முடிவு மாறவில்லை. பொய்யைச் சுமந்து போனது பெரும்பாலும் மனிதர்களின் விரல்தான்.

இதன் பலன் வெறும் வாய்ச்சண்டையோடு நிற்பதில்லை. 2018-ல் குழந்தை கடத்துகிறவர்கள் வருகிறார்கள் என்ற வாட்ஸ்அப் புரளி நாடெங்கும் பரவிற்று. அவ்வருஷம் மே மாதம் நம் போளூருக்கருகில், வழி கேட்க நின்ற இடத்தில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு மூதாட்டியை ஊரார் கூடி அடித்தே கொன்றார்கள். ஜூலை முதல் தேதி மகாராஷ்டிரத்தில் தூலே ஜில்லா ரெயின்பாடா கிராமத்தில், பிச்சை கேட்டுப் பிழைக்கும் நாடோடிகள் ஐந்து பேர் அப்படியே கொல்லப்பட்டார்கள். ஒரு கிழவியைப் பற்றிய பொய் எந்த வழியாக வந்ததோ, எதிர்க்கட்சிக்காரனைப் பற்றிய பொய்யும், அடுத்த தெருக்காரனைப் பற்றிய பொய்யும் தேர்தல் காலத்தில் அதே வழியாகத்தான் வருகிறது.

விதி மாறினால் பேச்சு மாறும்

அப்படியானால் இது தலைவிதியா? இல்லை. கொலைகளுக்குப் பிறகு 2018 ஜூலையில் வாட்ஸ்அப் கம்பெனி, இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து இடத்துக்கு மேல் அனுப்ப முடியாதென்று செய்தது. 2020 ஏப்ரலில், பல கை மாறி வந்த செய்தியை ஒரு தடவைக்கு ஒரே இடத்துக்குத்தான் அனுப்பலாமென்றது. அத்தகைய செய்திகள் நூற்றுக்கு எழுபது குறைந்தன என்று கம்பெனியே சொல்லிற்று. மனிதர்கள் அதே மனிதர்கள்தான். மாறியது விதி ஒன்றுதான்.

தைவான் தேசத்தைப் பாருங்கள். அங்கு 2015-ல் ஊபர் வண்டிகளை அனுமதிக்கலாமா என்று பெரிய தகராறு. டாக்சிக்காரர் ஒரு பக்கம், ஊபர்காரர் ஒரு பக்கம். 'போலிஸ்' என்ற கம்ப்யூட்டர் ஏற்பாட்டில் ஜனங்களைப் பேசவைத்தார்கள். நம் காவல்துறையல்ல, அந்த ஏற்பாட்டின் பெயரே அது! அதில் ஒருவன் தன் கருத்தை எழுதலாம். மற்றவர்கள் 'ஒப்புகிறேன்', 'மறுக்கிறேன்' என்று சொல்லலாம், அல்லது ஒன்றும் சொல்லாமல் தாண்டிப் போகலாம். பதிலுக்குப் பதில் எழுதித் திட்டுவதற்கு அதில் இடமே கிடையாது. எதிரெதிர்க் கூட்டத்தார் இருவரும் ஒப்புகிற கருத்து எது என்று தேடி மேலே காட்டிற்று அந்த யந்திரம். பிரயாணிக்குப் பாதுகாப்பும் இன்ஷூரன்ஸும் வேண்டும், விதி எல்லோருக்கும் நியாயமாக இருக்க வேண்டும் என்பவற்றில் இரு கட்சியாரும் ஒன்றுபட்டது தெரிந்தது. அதைக்கொண்டு சர்க்காரும் கம்பெனியாரும் டாக்சிக்காரரும் பேசி, பின்னர் விதிகள் வந்தன. அந்த முடிவு சர்க்காரைக் கட்டுப்படுத்தும் சட்டமல்ல. ஆனாலும் சண்டையை மேலே தூக்குகிற யந்திரத்தைச் செய்ய முடிந்த மனிதனுக்கு, ஒற்றுமையை மேலே தூக்குகிற யந்திரத்தையும் செய்ய முடியும் என்பதற்கு இது அத்தாட்சி.

போலீசிடம் விடலாமா?

"சர்க்காரே பிடித்து அடக்கட்டும்" என்று சிலர் சொல்லுகிறார்கள். 2012-ல் மகாராஷ்டிரத்தில், ஒரு தலைவர் இறந்ததற்காக ஊரை அடைப்பானேன் என்று ஒரு பெண் பேஸ்புக்கில் எழுதினாள். இன்னொரு பெண் அதற்கு லைக் போட்டாள். இருவரையும் கைது செய்தார்கள்! அத்தகைய கைதுகளுக்கு வழி செய்த 66-ஏ பிரிவை 2015 மார்ச் 24-ல் சுப்ரீம் கோர்ட் செல்லாதென்று தள்ளிற்று. வாயை அடைக்கும் அதிகாரம் கொடுத்தால் அது முதலில் அடைப்பது பொய்யன் வாயையல்ல, கேள்வி கேட்பவன் வாயைத்தான்.

ஆகவே நான் கேட்பதெல்லாம், எதை முன்னே காட்டுகிறோம், ஏன் காட்டுகிறோம் என்ற கணக்கைக் கம்பெனிகள் பகிரங்கப்படுத்த வேண்டும் என்பதுதான். பேசுகிறவனைத் தண்டிப்பதற்குப் பதில் யந்திரத்தைச் சோதனைக்கு உட்படுத்தச் சட்டம் வேண்டும்.

நம் வரையில், ஒரு செய்தி வந்தவுடன் ரத்தம் கொதித்தால், அந்தக் கொதிப்பினால் யாருக்கு லாபம் என்று கேளுங்கள். யார் சொன்னது, எப்போது, எந்த ஊரில் என்று தெரியாததை அனுப்பாதீர்கள். மாற்றுக் கருத்துக்காரனோடு தீராத விவகாரமிருந்தால், அவனை இதுபோன்ற ஒரு வாசகசாலைக்கு அழைத்து எதிரில் உட்காரவைத்துப் பேசுங்கள். போனில் பேச்சு ஆரம்பிக்கலாம். இன்றைய விதிகளின்கீழ் அது அங்கேயே முடியுமென்று நான் நம்பவில்லை. விதியை மாற்றும்படி கேட்பதும், அதுவரை நம் விரலை நம் புத்தியின் கட்டுக்குள் வைத்திருப்பதும் நம் கடமை.