மறதிக்கு மாத்திரைதான் காரணமா?



திருமழிசையில் நினைவாற்றலைப் பற்றிப் பேச வந்தால் திருமழிசையாழ்வாரை விட்டுவிட முடியாது. பெரும்புலியூரில் வேதம் ஓதிக்கொண்டிருந்தவர்கள் அவரைக் கண்டதும் தாழ்வாக எண்ணி நிறுத்தினார்கள். மறுபடி தொடங்கினால் விட்ட இடம் மறந்துபோயிற்று. ஆழ்வார் ஒரு கருநெல்லை நகத்தால் பிளந்து காட்ட, அந்த வாக்கியம் நினைவுக்கு வந்தது என்கின்றன குருபரம்பரை நூல்கள். மனச்சோர்வில் வரும் மறதியும் பெரும்பாலும் இத்தகையதே. ஒரு குறிப்புக் கொடுத்தால் விஷயம் திரும்பிவிடும். அல்சைமர் நோயில் குறிப்புக் கொடுத்தாலும் திரும்புவது அரிது. புறநோயாளி மேசையில் இரண்டு நிமிடத்தில் பார்க்கக்கூடிய இந்த வேறுபாட்டை நாம் பார்ப்பதில்லை.

"மாத்திரை போட ஆரம்பிச்சதுல இருந்து ஞாபகமே இல்ல டாக்டர்" என்று சொல்லும் மனச்சோர்வு நோயாளியை நான் நம்புகிறேன். ஆனால் எந்த மாத்திரை என்று கேட்க வேண்டும். மனச்சோர்வுக்கான மருந்தாக 1957இல் ரோலண்ட் கூன் அறிவித்த இமிப்ரமின், பின்னால் வந்த அமிட்ரிப்டிலின் ஆகியவை அசிட்டைல்கோலினின் வேலையைத் தடுப்பவை. புதியதைக் கற்று மனத்தில் நிறுத்த மூளைக்கு அந்த வேதிப்பொருள் வேண்டும். கால் எரிச்சலுக்கும் தலைவலிக்கும்கூட அமிட்ரிப்டிலின் எழுதுகிறோம். தாம் சாப்பிடுவது என்ன மருந்து என்று பல முதியவர்களுக்குத் தெரியாது. இவ்வகை மருந்துகளை நெடுநாள் எடுத்தவர்களிடம் மறதிநோய் சற்றுக் கூடுதல் என்று 2018இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. மருந்துதான் காரணம் என்று அதனால் நிறுவ முடியாது. மனச்சோர்வே சிலருக்கு மறதிநோயின் முன்னறிகுறி. இருந்தாலும் முதியோருக்கு இவ்வகை மருந்துகளைத் தவிர்ப்பதே நல்லது என்பது என் முடிவு.

செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் போன்ற மனச்சோர்வு மருந்துகளில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. சோர்வு விலக விலகப் பலருக்கு நினைவு தெளிகிறது. ஆனால் இவற்றால் வயதானவர்களுக்குச் சோடியம் குறைந்து குழப்பம் வரலாம். ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

என்னை உறுத்துவது வேறொன்று. மாத்திரை அட்டையின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். பல நேரம் எஸ்சிட்டலோபிராமுக்குக் கீழே சிறிய எழுத்தில் தூக்கம் தரும் குளோனசெபாம் இருக்கும். இரண்டும் சேர்ந்த ஒரே மாத்திரை. நோயாளி ஒன்றுதான் விழுங்குவதாக நினைக்கிறார். புதிய செய்தி மனத்தில் பதிவதைக் கெடுப்பது பெரும்பாலும் அந்த இரண்டாவது மருந்து. சில வாரங்களுக்கென எழுதியது ஆண்டுக்கணக்கில் ஓடுகிறது. இங்குள்ள சிட்கோ தொழிற்பேட்டையில் எந்திரத்தின்முன் நிற்பவருக்கு அது ஆபத்து. மறதிக்குப் பயந்து அவர் திடீரென நிறுத்தினால் அதைவிட ஆபத்து: தூக்கம் போகும், வலிப்பும் வரலாம்.

ஆகவே இந்த அவையிடம் கேட்கிறேன். முதல் மாத்திரை எழுதுமுன் நினைவைச் சோதித்துக் குறித்து வையுங்கள். தூக்க மருந்தைத் தனியே எழுதி, முடியும் தேதியையும் சீட்டிலேயே போடுங்கள். மருந்து சாப்பிடுபவர்கள் தாமாக நிறுத்தாமல் மருத்துவரைக் கேளுங்கள். அவர் கிடைக்காத நேரத்தில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள்.