முகம் பார்த்துப் பேசுதல்



விருத்தாசலத்தை அடுத்த கருவேப்பிலங்குறிச்சிப் பக்கத்தில் பள்ளியொன்றில் நான் ஆசிரியனாக இருந்தேன். செவிப்புலன் குன்றிய மாணவி ஒருத்தி முன் வரிசையில் அமர்ந்திருப்பாள். உதட்டசைவைக் கண்டு பாடத்தை ஓரளவு அறிந்துகொள்வாள். நானோ கரும்பலகையில் எழுதியவாறே பேசுவேன். நான் திரும்பி நின்ற நேரமெல்லாம் அவளுக்குப் பாடம் இல்லை. பயிற்சி பெற்ற ஆசிரியனாகிய எனக்கு இது தோன்றவில்லை. அருகிலிருந்த தோழிதான் ஒருநாள் எழுந்து, "ஐயா, இந்தப் பக்கம் பார்த்துச் சொல்லுங்கள், இவளுக்குத் தெரியவில்லை" என்றாள்.

காது கேளாதோர்க்கென்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே பாளையங்கோட்டையில் பிளாரன்சு சுவைன்சன் அம்மையார் பள்ளி கண்டார். சைகைமொழி வழங்கும் அத்தகைய பள்ளிகள் இன்றும் வேண்டியவையே. ஆயினும், எல்லாப் பெற்றோரும் பிள்ளையைத் தொலைவிடத்துக்கு அனுப்ப இயலுமா? 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் குறைபாடுடைய 6 முதல் 18 வயதுப் பிள்ளைகள் அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிக் கற்கலாம் என்கிறது.

பெயர் பதிவாகிவிட்டால் போதுமா? காது கேட்கும் கருவி ஆசிரியர் குரலை மட்டுமன்று, நீங்கள் பெஞ்சை இழுக்கும் ஓசையையும் பெருக்கிக் காட்டும். வாய்மொழியாகச் சொன்ன வீட்டுப்பாடத்தை எவரேனும் எழுதிக் காட்டவேண்டும். ஒருவர்பின் ஒருவராகப் பேசவேண்டும். இவற்றுக்குப் பணம் வேண்டுவதில்லை.

அன்றுமுதல் நான் எழுதி முடித்துவிட்டுத் திரும்பி நின்றே பேசினேன். கடைசி வரிசைப் பையன்கள் சிலரும் அதன்பிறகுதான் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள்.