ஐந்து நிமிடம் போதும்: பிள்ளைகளுக்குத் தியானம் பழக்குவோம்

(தோட்டத்துப் பெற்றோர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



தியானம் என்றதும் சிலர் சிரிக்கிறீர்கள். "விடிய எழும்பி ரொட்டி சுட்டு, சின்னதைப் பிள்ளைக் காம்பராவில விட்டுட்டு பெரட்டுக்கு ஓடுறோம். அந்திக்குக் கொழுந்து நிறுத்துட்டு வந்தா விறகு, தண்ணி, சமையல். இதில தியானத்துக்கு ஏது நேரம்?" என்கிறீர்கள். நியாயமான கேள்விதான். நாம் கேட்பது ஒரு மணி நேரமல்ல. ஐந்து வயதுப் பிள்ளைக்கு 2 நிமிடம், பத்து வயதுப் பிள்ளைக்கு 5 நிமிடம் போதும். அடுப்பில் சோறு வேகும் நேரத்தில் செய்துவிடலாம்.

லயத்தில் இந்தப் பக்கம் டிவி, அந்தப் பக்கம் சண்டை. சத்தம் அடங்கட்டும் என்று காத்திருந்தால் ஒருநாளும் தொடங்க முடியாது. ஆகவே சத்தத்தையே பாடமாக்குவோம். பிள்ளையைப் பாயில் உட்கார வைத்து, "தகரத்தில மழை விழுறது கேக்குதா? அதுக்கு அப்பால என்ன கேக்குது?" என்று கேளுங்கள். காது கொடுக்கும்போதே மனம் ஓரிடத்தில் நிற்கப் பழகுகிறது.

அடுத்தது மூச்சு. வயிற்றில் கை வைத்து, ஒவ்வொரு மூச்சாக ஒன்று முதல் பத்து வரை எண்ணட்டும். கணக்குத் தவறினால் ஏசவேண்டாம், மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கட்டும். ஓடிப்போன மனதைக் கூட்டிவருவதுதான் பயிற்சியே. கலஹாவுக்குக் கிட்ட, தேயிலை மலைகளுக்கு நடுவே உள்ள நில்லம்பை தியான நிலையத்தில், 2000ஆம் ஆண்டில் காலமாகும் வரை தியானம் கற்பித்தவர் கொட்வின் சமரரத்ன. மனதில் எழுவதோடு சண்டை பிடிக்காமல் அதைச் சிநேகிதமாக்கிக்கொள்ளச் சொன்னவர் அவர். பிள்ளைகளுக்கும் இதுவே பொருந்தும். கோவிலுக்குப் போகிறவர், சேர்ச்சுக்குப் போகிறவர் யாரும் இதைச் செய்யலாம்.

புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தியானம் புள்ளி வாங்கித் தராது. ஆனால் தெரிந்த கணக்கைப் பதற்றத்தில் பிழைவிடாமலிருக்கக் கைகொடுக்கும்.

சில விஷயங்களைக் கவனிப்போம். பசியோடு உட்கார வைக்கக்கூடாது. கண்ணை மூடப் பயந்தால் விளக்கைப் பார்க்கட்டும். "குழப்படி செஞ்சா மூலையில போய்த் தியானம் செய்" என்று தண்டனையாக்கக்கூடாது. நாமும் பக்கத்தில் உட்கார வேண்டும். நாம் கத்திக்கொண்டே பிள்ளையை அமைதியாக இருக்கச் சொன்னால் எடுபடாது.

இன்னொன்றையும் ஒளிக்காமல் பேசுவோம். குடித்துவிட்டு அடிதடி நடக்கும் வீட்டைப் பிள்ளையின் தியானம் திருத்தாது. அதைப் பெரியவர்கள்தான் நிறுத்த வேண்டும். பிள்ளை தூக்கமில்லாமல், சாப்பிடாமல், யாரையாவது கண்டு நடுங்கினால் மூச்சை எண்ணச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கக்கூடாது. மெதுவாகப் பேசிக் காரணத்தைக் கேளுங்கள். ஆசிரியரிடமோ குடும்பநல உத்தியோகத்தரிடமோ சொல்லுங்கள். 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்துக்கும் பேசலாம்.

இன்றிரவே தொடங்குவோம். ஒரு மாதம் செய்து பார்த்து, பிள்ளை என்ன சொன்னது என்று அடுத்த கூட்டத்தில் வந்து சொல்லுங்கள்.