பானை உடைத்தவர்
(தேவனாம்பட்டினத்தில் கல்லூரி மாணவர்களிடையே பேசியது)



எங்க ஆயா பள்ளிக்கூட வாசலை மிதிச்சதில்லை. கூலி நெல் ஒரு படி குறைஞ்சாலும் களத்தை விட்டு எழுந்திருக்காது. வீட்டில் நான் எதற்காவது முரண்டு பிடித்தால் அம்மா, 'கெழவி புத்தி அப்படியே வந்திருக்கு' என்பாள். புத்தி ரத்தத்தில் மட்டும் வருவதில்லை. பார்த்துப் பழகியும் வருவது. ரத்தத்தில் மட்டுமே வரும் என்று ஒத்துக்கொண்டால், பிறப்பால் எனக்குத்தான் கருவறை என்கிறவன் சொல்வதும் சரியாகிவிடும்.

இதை அறிக்கையாகவே எழுதியவர் நம்ம மாவட்டத்துக்காரர். காட்டுமன்னார்கோயில் எல். இளையபெருமாள், 1924இல் பிறந்தவர். பள்ளியில் சேரிப் பிள்ளைகளுக்கென்று தனிப் பானை வைத்தார்கள், உடைத்தார். பானையை உடைத்த பையன் 1952இல் கடலூரிலிருந்து நாடாளுமன்றம் போனார். 1965இல் மத்திய அரசு அமைத்த தீண்டாமை பற்றிய குழுவுக்குத் தலைவரானார். 1969இல் வந்த அறிக்கை, பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்கச் சொன்னது. 1970இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. விடுவார்களா? வழக்குப் போட்டார்கள். 1972இல் உச்ச நீதிமன்றம் வாரிசுரிமை செல்லாது என்றது. ஆனால் ஆகமப்படிதான் அர்ச்சகர் என்று இன்னொரு தாழ்ப்பாளைப் போட்டது. 2021இல்தான் பயிற்சி பெற்ற பிற சாதியார் சிலருக்கு அரசு பணி கொடுத்தது. அதற்கும் வழக்கு.

இளையபெருமாள் 2005இல் மறைந்தார். அவருடைய தன்வரலாறு 'சித்திரை நெருப்பு'. உங்கள் நூலகத்தில் அதைக் கேளுங்கள். அந்த அறிக்கையையும் கேளுங்கள். இல்லையென்றால், ஏன் வாங்கி வைக்கவில்லை என்று எழுதிக் கேளுங்கள்.