யார் முதலில் உட்காருவது?



கல்முனைப் பக்கத்துக் கல்யாண வீட்டில், சேர்ந்து சாப்பிடும் பெரிய தட்டான சஹனைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்துவிட்டால், அதில் பெரியவர் இடம், சின்னவர் இடம் என்று எதுவும் கிடையாது. ஆனால் அதற்கு முந்திய கணக்கு இருக்கிறதே! சம்பந்தி வீட்டார் எந்தச் சஹனில், பள்ளித் தலைவர் யாரோடு, கை கழுவும் படிக்கம் யாரிடம் முதலில் போகவேண்டும்? ஒன்று பிசகினால் சாச்சா ஒருவர் சாப்பிடாமலே எழும்பிப் போய்விடுவார்.

நாடுகளுக்கும் இதே ரோசம்தான். 1661இல் லண்டனுக்குப் புதிதாக வந்த சுவீடன் தூதுவரின் ஊர்வலத்தில், முன்னால் போவது பிரெஞ்சுத் தூதுவரின் வண்டியா, ஸ்பானியத் தூதுவரின் வண்டியா என்று தெருவிலேயே வெட்டுக்குத்து நடந்தது. ஆட்கள் மாண்டார்கள். குதிரைச் சேணத்து வாரை எதிராளி அறுக்க முடியாதபடி, ஸ்பானியர் அதற்குள் இரும்புச் சங்கிலி கோத்திருந்தார்களாம். அன்று தெருத்தெருவாக ஓடி வேடிக்கை பார்த்த லண்டன்வாசி சாமுவேல் பீப்ஸ் தன் நாட்குறிப்பில் எழுதியது இது.

1815இல் வியன்னாவில் கூடிய ஐரோப்பிய நாட்டவர்கள் இந்தச் சண்டைக்கு எளிய வழி கண்டார்கள். நாட்டின் பருமனைப் பார்ப்பதில்லை. ஒரே தரத்துத் தூதுவர்களில் முந்தி வந்தவருக்கு முன்னிடம். 1961ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையிலும் அதுதான் விதி. கொழும்பில் குவைத் தூதுவர் முதலில் பதவியேற்றிருந்தால், சீனத் தூதுவர் அவருக்குப் பின்னால்தான் நிற்கவேண்டும்.

வரிசை தீர்ந்தாலும் சாப்பாடு இருக்கிறது. 1805 டிசம்பர், நோன்பு காலம். துனிசியாவின் தூதுவர் சுலைமான் மெல்லிமெல்லியை அமெரிக்க ஜனாதிபதி ஜெபர்சன் விருந்துக்கு அழைத்தார். வழமையாகப் பிற்பகல் மூன்றரைக்கு நடக்கும் விருந்து, அன்று சரியாகச் சூரியன் மறையும் நேரத்துக்கு மாற்றப்பட்டது. இதை மார்க்கத்தின் மீதுள்ள பிரியம் என்று நான் சொல்லமாட்டேன். அமெரிக்கக் கடற்படை பிடித்துவைத்த துனிசியக் கப்பல்களைப் பற்றிப் பேச வந்தவர் அவர். பசியோடு இருப்பவரிடம் பேரம் பேசமுடியாது என்பது ஜெபர்சனுக்குத் தெரிந்திருந்தது.

2016 ஜனவரியில் ஈரான் ஜனாதிபதி ரூஹானி ரோமுக்குப் போனபோது, அங்குள்ள ஓர் அருங்காட்சியகத்திலிருந்த நிர்வாணச் சிலைகளைப் பலகை வைத்து மறைத்தார்கள். இத்தாலியர்களே அதைக் கேலி செய்தார்கள். அடுத்து அவர் போன பாரிசில், வைன் இல்லாமல் விருந்தில்லை என்றது பிரெஞ்சுத் தரப்பு. வைன் இருந்தால் உட்காரமாட்டோம் என்றது ஈரானியத் தரப்பு. சாப்பாட்டைக் கைவிட்டுப் பேச்சை நடத்தினார்கள். எனக்கென்னவோ பாரிஸ்காரர் செய்ததே மேல் என்று படுகிறது.

நம் கரைக்கும் தூதுவர்கள் வருகிறார்கள். மாலை, பொன்னாடை, குழுப்படம் எதிலும் நாம் குறை வைப்பதில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபியா 500 வீடுகள் கட்டித்தந்தது. யாருக்கு எத்தனை வீடு என்ற வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. வீடுகளோ ஆண்டுக்கணக்காக ஆளில்லாமல் கிடந்தன. ஜெபர்சன் மேசையில் கப்பல் பேச்சு வந்ததுபோல, நம் வரவேற்பு மேடைகளில் அந்த வீட்டுப் பேச்சும் வரவேண்டும். அதற்காக எந்த விருந்தாளியும் கோபித்துக்கொள்ளமாட்டார்.