விமானப் பொறியியலும் நம் தோட்டத்துப் பிள்ளைகளும்

(உயர்தர மாணவர்களுக்கும் பெற்றோருக்குமான கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



வழக்கமாகச் சம்பளத்தையும் நிலுவையையும் பேசத்தான் இந்த மண்டபத்தில் கூடுவோம். இன்று விமானம் பற்றிப் பேச வந்திருக்கிறோம். சிரிக்க வேண்டாம். சாதாரண தரப் பெறுபேறு வந்த நாள் முதல் சங்க அலுவலகத்துக்கு வரும் பெற்றோர் பலரின் கையில் ஒரு வர்ணத் துண்டுப்பிரசுரம் இருக்கிறது. "விமானப் பொறியியலாளர் ஆகலாம்" என்கிறது அது. நகையை அடகு வைக்கலாமா, ஓய்வு பெறப்போகும் தகப்பனின் சேமலாப நிதி வரும்வரை பொறுக்கலாமா என்று கேட்கிறார்கள். பிள்ளையின் ஆசையில் குறையே இல்லை. அந்தத் தாள் எதை விற்கிறது என்பதுதான் நம் கேள்வி.

ஒரே பெயரில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. விமானத்தைப் பரிசோதித்து, பழுது பார்த்து, "இது பறக்கலாம்" என்று கையெழுத்திடுபவருக்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். அதற்குத் தனிப் பரீட்சைகள் உண்டு, வேலை அனுபவமும் வேண்டும். நல்ல தொழில் அது. ஆனால் பட்டம் அல்ல. பொறியியல் பட்டம் நான்கு வருடப் பல்கலைக்கழகப் படிப்பு. விமானத்தை வடிவமைக்கவும் கணக்கிடவும் அது கற்றுத்தரும். பட்டம் மட்டும் இருந்தால் அந்தக் கையெழுத்தை இட முடியாது. இந்த இரண்டில் எதுவும் இல்லாத ஒரு வருடச் சான்றிதழுக்கும் அதே விமானப் படத்தைத்தான் போடுகிறார்கள்.

அப்படி அந்தப் பட்டத்தில் என்ன படிக்கிறார்கள்? நமது ஸ்டோரில் கொழுந்து வாட்டும் தொட்டியின் ஒரு முனையில் இருக்கும் பெரிய காற்றாடியை நினைத்துப் பாருங்கள். அதன் இதழ் நேராக இருக்காது, முறுக்கியிருக்கும். நடுவில் செங்குத்தாகவும் நுனியில் தட்டையாகவும் வரும். ஒரு சுற்றில் நுனி அதிக தூரம் ஓடுகிறது, ஆகவே வேகமும் அதிகம். இதழ் முழுவதும் காற்றைச் சரியான கோணத்தில் வெட்ட வேண்டுமென்றால் முறுக்கித்தான் ஆக வேண்டும். விமானத்தின் முன்னால் சுழலும் விசிறிக்கும் இதே கணக்குத்தான். காற்று எப்படி ஓடுகிறது, இயந்திரம் எப்படித் தள்ளுகிறது, மெல்லிய உலோகம் எவ்வளவு பாரம் தாங்கும், ஆடும் விமானத்தை எப்படி நிலைப்படுத்துவது: படிப்பின் பெரும்பகுதி இதுதான். எல்லாவற்றுக்கும் அடியில் கணிதம்.

இலங்கையில் இந்தப் பட்டம் இரத்மலானையில் உள்ள கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. படையில் சேராமல் படிக்கும் பிள்ளைகள் அங்கே கட்டணம் செலுத்த வேண்டும். அதைவிட நமக்குக் கிட்டிய வழி ஒன்று உண்டு. பேராதனையிலும் மொறட்டுவையிலும் இயந்திரப் பொறியியல் படிக்கலாம். கட்டணம் இல்லை, தகுதி இருந்தால் மகாபொல புலமைப்பரிசிலும் கிடைக்கும். விமானக் கம்பனிகள் இயந்திரப் பொறியியலாளர்களையும் மின்னியல் பொறியியலாளர்களையும் எடுக்கின்றன. பிறகு முதுமாணிப் பட்டத்தில் விமானத் துறைக்குத் திரும்பவும் முடியும்.

அரச பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடு தழுவிய திறமைக்கு. 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைப்படி. மீதி 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி மூன்றும் அந்தப் பட்டியலில் உள்ளன. ஆனால் தோட்டத்துப் பிள்ளை இணைந்த கணிதத்துக்கு உட்காராவிட்டால் இந்த இடம் யாருக்குப் போகும் என்று நாம் சொல்லத் தேவையில்லை.

ராவணா-1 பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள், இலங்கையின் முதல் செய்மதி. எடை ஒரு கிலோவுக்குச் சற்று அதிகம். அளவில் ஒரு கிலோ தேயிலைப் பொதியைவிடச் சிறியது. நம் நாட்டின் இரண்டு இளம் பொறியியலாளர்கள் ஜப்பானில் கியூஷு தொழில்நுட்ப நிறுவகத்தில் அதைச் செய்தார்கள், அவர்களில் ஒருவர் பெண். 2019 இல் சுமார் 400 கிலோமீற்றர் உயரத்தில் அது விடுவிக்கப்பட்டது. எந்த லயத்துப் பிள்ளைக்கும் எட்டாத படிப்பு அல்ல அது. எட்டாமல் இருப்பது ஆசிரியர்தான். நமது பாடசாலைகளில் எத்தனையில் உயர்தரக் கணிதப் பிரிவு இருக்கிறது? இருக்கும் இடத்தில் பௌதிகவியலுக்கு நிரந்தர ஆசிரியர் உண்டா? தோட்டத் தலைவர்மாரும் தலைவிமாரும் அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் பிள்ளைகள் போகும் பாடசாலையில் எந்தெந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை என்று எழுதிக் கொண்டு வாருங்கள். அதை வைத்தே மாகாணக் கல்வித் திணைக்களத்திடம் போவோம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பணம் கட்டுவதற்கு முன் மூன்றைக் கேளுங்கள். இந்தப் பட்டத்தை பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா? இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் ஏற்கிறதா? அனுமதிப்பத்திரப் பயிற்சி என்றால், சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை இந்த இடத்தை அங்கீகரித்திருக்கிறதா? பதிலை வாயால் வாங்காதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். அந்தத் தாளைச் சங்க அலுவலகத்துக்குக் கொண்டு வந்தால் ஆங்கிலத்தில் இருந்தாலும் சேர்ந்து வாசிப்போம். அதுவரை நகை வீட்டிலேயே இருக்கட்டும்.