புதுக்கோட்டைத் தொகுதி எங்கே?

தோழர்களே! ஆலங்குடிப் பக்கத்து விவசாயத் தொழிலாளியும் அமராவதிபுதூர்க்காரர்களான நாமும் 2009 முதல் ஒரே சிவகங்கைத் தொகுதியில் வோட்டுப் போடுகிறோம். அவருடைய பழைய தொகுதி என்ன ஆயிற்று?

புதுக்கோட்டை 1948 மார்ச் 3 வரை தொண்டைமான் சமஸ்தானம். அது போய் நான்கே வருஷத்தில், 1952 தேர்தலில், ஜனங்கள் காங்கிரசைத் தள்ளிவிட்டு கிசான் மஸ்தூர் பிரஜா கட்சியின் வல்லத்தரசுவைப் பார்லிமெண்டுக்கு அனுப்பினார்கள். 1957-ல் ஜெயித்தவர் காங்கிரசின் ராமநாதன் செட்டியார். நம் செட்டிநாட்டு ராஜா வீட்டுப் பிள்ளை! ஆனால் 1962-ல் அதே ஜனங்கள் தொழிற்சங்கத் தோழர் உமாநாத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 1967-ல் மார்க்சிஸ்ட் வேட்பாளராக மறுபடியும் அவரே.

2008 மறுவரையறையில் தொகுதியே அழிந்தது. ஜில்லாவின் ஆறு சட்டசபைத் தொகுதிகளும் சிதறின. புதுக்கோட்டை, கந்தர்வக்கோட்டை திருச்சிக்கு; விராலிமலை கரூருக்கு; அறந்தாங்கி ராமநாதபுரத்துக்கு; திருமயம், ஆலங்குடி நமக்கு. நான்கு எம்.பி. கிடைத்தது லாபம் என்பாரும் உண்டு. லாபமா? ஜில்லாவுக்குப் பொதுவான கோரிக்கை என்றால் சங்கம் நான்கு வாசல் ஏற வேண்டும். நான்கு பேருக்கும் அது ஓரத்து ஊர்.

2009 தேர்தலில் யாருக்கும் வோட்டில்லை என்று பலர் 49-ஓ பதிந்தார்கள். வோட்டை விட்டுவிட நாம் சொல்லமாட்டோம். ஆனால் கோபம் நியாயமானது. அடுத்த கண்மாய் மராமத்து மனுவில் ஆலங்குடிக்காரரின் கையெழுத்தையும் சேர்த்து வாங்குவோம்.